பொங்குருண்டையும் கரிசல் நாட்டு நீரும்

மேனாட்டார் நீராடுந் தொட்டியில் இடுகின்ற ஒருவகை உருண்டை இப்பொழுது நம் நகரக் கடைகளிலும் விற்கப்படுகின்றது. நீரிலிட்டவுடன் அது சீறிப் பொங்கிக் கரையும். ஆங்கிலத்தில் இதனைப் பாத் பாம் என்பர். யாம் பொங்குருண்டை எனக் கூறுவோம். பின்னாளில் லஷ் என்னும் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் அம்மையார் 1989 இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் இதனை முதன்முதல் செய்தார். பொங்கி முடிந்தபின் நீரைக் கூழ்போலாக்கும் வகையொன்றும் பின்னர்த் தோன்றிற்று. அதனை வீட்டிலே செய்யும் முறையையும், அதனுள் அடங்கிய இரசாயன உண்மைகளையும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து நீருக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பொங்குதலின் காரணம்

ஆப்பச் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டும், கடைகளில் எலுமிச்சை உப்பென விற்கும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்த நிலையில் ஒன்றையொன்று தாக்கா. நீர் பட்டவுடன் இரண்டும் கூடிக் கரியமிலவாயுவை வெளிவிடும். எடையளவில் 192 பங்கு அமிலம் 252 பங்கு சோடாவோடு கூடி 132 பங்கு கரியமிலவாயுவைத் தரும். எஞ்சுவன சோடியம் சிட்ரேட்டும் நீருமாம். சோடாப் புட்டியைத் திறக்கும்போது எழும் குமிழியும் இவ்வாயுவே.

கூழாதலின் காரணம்

கூழாக்கும் பொருள் சோடியம் ஆல்ஜினேட்டு என்பது. கடலிலே வளரும் பழுப்பு நிறப் பாசிகளின் உடலில் உள்ள ஆல்ஜினிக் பொருளை 1881 இல் ஸ்டான்ஃபோர்டு என்னும் பிரிட்டானிய இரசாயனி பிரித்துக் காட்டினார். அப்பாசிகளை நாடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1985 வரையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்துக் கடலாகிய மன்னார் வளைகுடாவிலேயே கட்டக்கோரை முதலிய பழுப்புப் பாசிகள் விளைகின்றன. பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி பறித்துப் பிழைக்கின்றனர். 1986 இல் அவ்வளைகுடாத் தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டமையால், அவர்தம் தொழிலுக்கு எல்லைகளும் கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரு சிட்டிகை ஆல்ஜினேட்டின் பின்னே எத்துணை உழைப்பு உளதென்பதை மாணாக்கர் எண்ணுக.

நம் வீடுகளில் இனிப்புச் செய்யும் கடற்பாசி இஃதன்று. அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகார். கொதிக்கும் நீரிலன்றிக் கரையாது. ஆல்ஜினேட்டோ தண்ணீரிலேயே கரையும். ஆயினும் அதனைத் தனியே நீரில் கொட்டினால் கட்டி கட்டியாய்த் திரளும். சோடாவோடும் அமிலத்தோடும் கலந்து உருண்டையாக்கினால், எழும் குமிழிகள் அத்துகள்களைப் பிரித்து நீரெங்கும் பரப்பும். கரண்டியின் வேலையை வாயு செய்கின்றது என்க.

நம் நீரின் இயல்பு

குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். நம் கிணறுகள் பலவற்றில் ஊறுவது சவர்த் தண்ணீர். அதில் சுண்ணச் சத்தாகிய கால்சியம் முதலிய உப்புகள் மிகுதி. சோப்பு அத்தண்ணீரில் நுரையாமல் வெண்ணிறத் திரளையாவது, கால்சியம் சோப்போடு கூடிக் கரையாப் பொருளாய் மாறுவதனாலேயாம். நம் முன்னோர் உசிலையிலையை உலர்த்தி இடித்த அரப்பையும் சீயக்காயையும் கொண்டனர். அவற்றிலுள்ள சபோனின் என்னும் பொருள் சவர்த் தண்ணீரிலும் திரளையாகாமல் அழுக்கை நீக்கவல்லது.

சோப்பைக் கெடுக்கும் அக்கால்சியமே ஆல்ஜினேட்டை இறுகச் செய்யும். ஆல்ஜினேட்டின் நீண்ட இழைகளுக்கிடையே, தட்டில் முட்டை அமர்வதுபோலக் கால்சியம் அமர்ந்து அவற்றைப் பிணிக்கும். இதனை எளிதிற் சோதிக்கலாம். 100 மில்லிலிட்டர் மழைநீரில் 1 கிராம் ஆல்ஜினேட்டைக் கரைக்க. வேறொரு கிண்ணத்தில் 100 மில்லிலிட்டர் நீரில் 1 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைக்க. முன்னதைத் துளித்துளியாகப் பின்னதில் விடின், ஒவ்வொரு துளியும் சவ்வரிசி மணிபோலத் திரண்டு நிற்கும்.

அங்ஙனமாயின், நம் கிணற்று நீரில் இட்ட உருண்டை நீர் முழுவதையும் இறுகச் செய்யாதோ என்று வினவலாம். செய்யாது. பொங்கியபின் எஞ்சும் சிட்ரேட்டு கால்சியத்தைத் தன்வசம் பற்றிக்கொள்ளும். ஆல்ஜினேட்டுக்குக் கிட்டுவது சிறிதே. ஆதலின் நீர் கட்டியாகாமல், வெண்டைக்காய்ச் சாறுபோல் வழுவழுப்பாகின்றது. கால் கழுவுதற்கு வேண்டுவதும் அவ்வளவே. கடின நீரை மென்மையாக்கச் சலவைத் தூள்களில் சிட்ரேட்டுச் சேர்க்கப்படுவதும் இக்காரணம் பற்றியே.

செய்முறை

ஆப்பச் சோடா 100 கிராம், சிட்ரிக் அமிலம் 50 கிராம், உண்ணத்தக்க தரமுள்ள சோடியம் ஆல்ஜினேட்டு 50 கிராம், தேங்காயெண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைக் கொள்க. பாத்திரமும் கையும் ஈரமின்றி இருத்தல் வேண்டும். சோடாவையும் ஆல்ஜினேட்டையும் முதலில் நன்கு கலந்து, எண்ணெயைச் சிறிது சிறிதாய்ப் பிசறுக. அமிலத்தை இறுதியிற் சேர்க்க. புட்டு மாவுப் பதமே சரியான பதம்: பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பதம் வாராவிடின் இன்னுஞ் சில துளி எண்ணெய் விடுக. நீர் விட்டால் அங்கேயே பொங்கத் தொடங்கும். சிறு கிண்ணங்களில் அழுத்தி நான்கு உருண்டைகளாக்கி ஒரு நாள் உலர விடுக. நம் வறண்ட காற்று இதற்கு உதவி. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் செய்யாதொழிக.

50 கிராம் அமிலத்துக்கு ஏறக்குறைய 66 கிராம் சோடாவே போதும். மிகுதியை வேண்டுமென்றே வைத்துள்ளோம். அமிலம் மிஞ்சினால் ஆல்ஜினேட்டு கரையாத ஆல்ஜினிக் அமிலமாகிக் கூழ் கெடும்.

பயன்படுத்துமாறு

மேனாட்டு நீராடுந் தொட்டியொன்று ஏறக்குறைய 150 லிட்டர் நீர் கொள்ளும். அஃது 15 லிட்டர் வாளியாற் பத்து வாளி. குடத்துக்குக் காத்து நிற்கும் ஊரில் அச்செலவு தகாது. அகன்ற பாத்திரத்தில் 4 லிட்டர் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஓர் உருண்டையை இட்டுக் கால்களை மட்டும் அமிழ்த்துக. நாள் முழுதும் தறிக்குழியில் மிதிபலகை மிதித்த கால்களுக்கு அவ்வெதுவெதுப்பே இளைப்பாற்றியாகும். பின்னர்ச் சிறிது நல்ல நீரால் கழுவுக. புண்ணுள்ள காலையும் கண்ணையும் இந்நீர் தீண்டலாகாது. தரை வழுக்கும், முதியோர் கவனிக்க. ஈரமேறிய உருண்டையை இறுக மூடிய புட்டியில் வைத்தால், வாயு பெருகிப் புட்டி வெடித்தலுங் கூடும்.

இறுதியாக ஒன்று. குளித்த நீரை முருங்கைக்கும் வாழைக்கும் விடுவது நம் வீட்டு வழக்கம். இந்நீரை அங்ஙனம் விடலாகாது. ஓர் உருண்டையில் சோடாவால் மட்டும் ஏறக்குறைய 7 கிராம் சோடியம் உளது. சோடியம் மிகுந்தால் கரிசலின் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும், மண் இறுகும், நீர் உள்ளிறங்காது. கூழைத் துணியில் வடித்தெடுத்து, நீரைக் கழிவுநீர்க் காலில் விடுக.

ஆதலின் நாட்கடன் நீராட்டுக்கு அரப்பே நமக்கு ஏற்றது. பொங்குருண்டை என்றேனும் ஒருநாளைக்கு உரியது. எப்பொருளைச் செய்யக் கற்பினும், அது கலக்கும் நீர் எத்தன்மையது, கலந்தபின் எம்மண்ணைச் சேரும் என்னும் இரண்டையும் ஆராய்ந்து செய்க. வறண்ட நாட்டு மாணாக்கர்க்கு இரசாயனம் கற்பிக்கும் முதற்பாடம் அதுவாம்.