சர்விஸ் சார்ஜ் யார் பணம்?

கேள்வி: போர்ட்டிக்சன் கடற்கரையோரம் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் பகுதியில் வேலை செய்கிறேன். என் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரிங்கிட், அதற்குக் கீழே சர்விஸ் சார்ஜ் 350 ரிங்கிட் என்று இருக்கிறது. மாதா மாதம் அதே 350தான். சில வருஷத்துக்கு முன்னால் இது தனியாக, ஆளுக்கு இத்தனை பாயிண்டு என்ற பங்குக் கணக்கில் வரும். பள்ளி விடுமுறை மாதத்தில் 500, 600கூடப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அரசாங்கம் சொன்ன 1,700 வந்துவிட்டதே" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். "அவருக்கும் டன் கணக்கெல்லாம் கூட்டித்தானே 1,700 பார்க்கிறார்கள், உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று எச்.ஆரில் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நியாயம் யார் பக்கம்?

*— வாசகி, சிலியாவ் வட்டாரம்*

பதில்: உங்கள் பக்கம்தான் அம்மா. தனிக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. குறைந்தபட்சச் சம்பள ஆணை ஒன்றுதான், ஆனால் அதற்குள் உங்களுக்கு ஒரு கணக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு கணக்கு. எச்.ஆர். அதிகாரி தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதை அவரிடமே விட்டுவிடுவோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், சின்னக் கடைகள் உட்பட எல்லா இடங்களிலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் 1,700 ஆனது. டன் கணக்கு, துண்டு வேலை, கமிஷன் என்று மட்டும் சம்பளம் வாங்குபவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அவர்கள் மாதம் முழுக்கச் சம்பாதித்ததைக் கூட்டிப் பார்த்து, அது 1,700க்குக் குறையக்கூடாது என்கிறது ஆணை. உங்கள் வீட்டுக்காரர் கணக்கு அது. உங்களுக்கோ அடிப்படைச் சம்பளம் என்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்கு அந்த அடிப்படைச் சம்பளமே 1,700 இருக்க வேண்டும். அலவன்ஸ், ஓவர்டைம், சர்விஸ் சார்ஜ் எல்லாம் அதற்கு மேல்தான் வர வேண்டும். 1,350ஐ எழுதிவிட்டு 350ஐப் பக்கத்தில் ஒட்டுவது செல்லாது.

இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. கிரிஸ்டல் கிரவுன் விடுதிக்கும் தீபகற்ப மலேசியாவின் தங்கும் விடுதி, மதுக்கூட, உணவக ஊழியர்களின் தேசியச் சங்கத்துக்கும் நடந்த வழக்கு தொழிலியல் நீதிமன்றத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021இல் விடுதியின் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். வேலைச் சட்டத்தில் 'சம்பளம்' என்பதற்கு விரிவான பொருள் இருக்கிறது, அதற்குள் சர்விஸ் சார்ஜும் அடங்கும் என்பது விடுதி தரப்பு வாதம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பேசுவது அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டுமே என்று நீதிமன்றம் சொன்னது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொன்னது: வாடிக்கையாளர் கொடுக்கும் சர்விஸ் சார்ஜ் விடுதியின் பணமே அல்ல. ஊழியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வரை விடுதி அதை அறங்காவலர்போல வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியிருக்க, முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு அந்தப் பணத்தைப் போட்டால், அது தொழிலாளியின் பணத்தை எடுத்துத் தொழிலாளிக்கே சம்பளம் கொடுத்த கதை.

உங்கள் சீட்டைப் பார்த்ததும் என் கண்ணை உறுத்தியது அந்த மாறாத 350தான். விடுதி நிறைந்த மாதத்திலும் 350, காற்று வாங்கும் மாதத்திலும் 350 என்றால் அது வசூலைப் பங்கிட்டு வந்த தொகையாக இருக்க முடியாது. 1,700இல் குறைந்ததை நிரப்பப் போட்ட தொகை. அப்படியானால் டிசம்பர் விடுமுறையில் வசூலானதில் உங்கள் பாயிண்டுக்கு உரிய மீதி எங்கே போனது? உங்கள் முதல் கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.

நட்டம் அதோடு நிற்கவில்லை. ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் சர்விஸ் சார்ஜ் சம்பளமாகக் கருதப்படுவதில்லை. அதனால் உங்களுக்கு இபிஎப் பிடிப்பது 1,350க்குத்தான். அந்த 350 அடிப்படைச் சம்பளத்தில் இருந்திருந்தால் முதலாளியின் 13 விழுக்காடாக மாதம் 45 ரிங்கிட் 50 சென் கூடுதலாக உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். வருஷத்துக்கு 546 ரிங்கிட். அதன் மேல் வரும் லாப ஈவு வேறு. ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடும் விடுதியென்றால், ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் ஏறக்குறைய 2 ரிங்கிட் 50 சென் குறைகிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் நிலைமை நேர்மாறு. அங்கே சர்விஸ் சார்ஜும் சம்பளமாகக் கணக்கில் சேரும். ஒரே 350 ரிங்கிட் ஒரு சட்டத்தில் சம்பளம், இன்னொரு சட்டத்தில் சம்பளம் இல்லை. இதைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றினால் அது உங்கள் குற்றமல்ல. ஆனால் சொக்சோ பிடித்தமாவது முழுத் தொகைக்கும் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் கிடைக்கும் இழப்பீடு அதை வைத்துத்தான்.

இப்போது, உங்களுக்குச் சாதகமில்லாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சம்பளம் 1,700 என்பது சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா விடுதிக்கும் பொருந்தும். ஆனால் சர்விஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு பங்கு, எத்தனை பாயிண்டு என்பதை முடிவு செய்வது கூட்டு ஒப்பந்தமோ உங்கள் வேலைக் கடிதமோதான். கிரிஸ்டல் கிரவுன் வழக்கில் கூட்டு ஒப்பந்தம் இருந்தது. உங்கள் விடுதியிலும் இருந்தால், நீங்கள் சங்கத்தில் சேராதவராக இருந்தாலும் அது உங்களையும் காக்கும். தொழிலியல் உறவுச் சட்டத்தின் 17வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒப்பந்தமும் இல்லை, வேலைக் கடிதத்திலும் ஒரு வரி இல்லை என்றால் பங்கைக் கேட்டு வாதாடுவது சிரமம். அப்போதும் 1,700க்கான வழக்கு உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. ஏஜென்சி மூலம் வந்து அறை சுத்தம் செய்பவர்கள் உங்களோடு இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். சர்விஸ் சார்ஜ் அவர்கள் பக்கமே வருவதில்லை. ஆனால் 1,700 அவர்களுக்கும் உண்டு.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நம் அம்மாக்கள், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், செக்ரோல் பதிவேட்டில் கிராணி (தோட்டக் கணக்கர்) எழுதிய கிலோவை ஒருநாள் விடாமல் விசாரிப்பார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டுகளைத் தேதி வரிசைப்படி எடுத்து வையுங்கள். தாளில் தராமல் கைப்பேசியில் மட்டும் காட்டுகிறார்கள் என்றால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக் கடிதத்தையும் இபிஎப் கணக்கறிக்கையையும் அதோடு சேருங்கள். பிறகு விடுதி நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். சங்கம் இருந்தால் கிளைச் செயலாளர் மூலம் போவது நல்லது. இல்லையென்றால் சிரம்பானில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வேலைச் சட்டத்தின் 69வது பிரிவின்கீழ் தலைமை இயக்குநர் விசாரித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பளப் பதிவேடுகளை முதலாளி குறைந்தது ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே "பழைய கணக்கு எங்களிடம் இல்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு ஓர் ஊழியருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறைக்குப் போய்விட வேண்டும். 61வது நாள் போனால் கதவு அடைத்திருக்கும். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். அதே சீட்டு வாங்கும் நாலு பேர் சேர்ந்து போனால் யாரையும் தனியாகப் பிரித்துக் குறிவைப்பது எளிதல்ல.

கேள்வி: சிரம்பானில் மோட்டாரில் சாப்பாடு விநியோகிக்கிறேன். வாடிக்கையாளர் பில்லில் 'பிளாட்பார்ம் கட்டணம்', 'டெலிவரி கட்டணம்' என்று நாலைந்து ரிங்கிட் இருக்கிறது. அது முழுக்க எனக்கே வருகிறது என்று நினைத்து வாடிக்கையாளர்கள் டிப்ஸ் கொடுப்பதில்லை. இதற்கு வழி உண்டா?

*— வாசகர், செனவாங்*

பதில்: தம்பி, பிளாட்பார்ம் கட்டணம் கம்பெனியின் வருமானம். டெலிவரி கட்டணமும் உங்களுக்குக் கிடைக்கும் தொகையும் ஒன்றல்ல. நிறுவனம் தன் சூத்திரப்படி கணக்குப் போட்டு உங்களுக்குத் தருகிறது. வாடிக்கையாளர் வாசலில் நின்று நீங்கள் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதில் உங்களுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பில்லிலேயே போட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

அமெரிக்காவில் டோர்டேஷ் என்ற நிறுவனம், ஆர்டருக்கு இவ்வளவு என்று உத்தரவாதம் தந்துவிட்டு, வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை வைத்தே அந்தத் தொகையை நிரப்பியது. மேலே போர்ட்டிக்சன் அம்மாவுக்கு நடந்ததும் இதே வேலைதான். 2019இல் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் முறையை மாற்றினார்கள். 2025இல் நியூயார்க் மாநிலத்தோடு 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். உங்கள் செயலியில் டிப்ஸ் வந்த நாளில் அடிப்படைக் கூலி குறைகிறதா என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள்.

நம் நாடாளுமன்றத்திலும் 2025இல் உங்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கான மசோதா நிறைவேறியது. வருமானம் எந்த விகிதத்தில், எப்படிக் கொடுக்கப்படும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. தகராறு வந்தால் போக ஒரு தீர்ப்பாயத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. செயலியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு சாப்பிடப் போனால் பில்லில் 10 விழுக்காடு சர்விஸ் சார்ஜ், 6 விழுக்காடு வரி என்று போடுகிறார்கள். இந்தியாவில் சர்விஸ் சார்ஜ் கட்டாயமில்லையாமே. இங்கே கொடுக்காமல் வரலாமா?

*— வாசகர், பகாவ்*

பதில்: அந்த 6 விழுக்காடு அரசாங்கத்துக்குப் போகும் சேவை வரி. அதில் பேரமில்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், சர்விஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை ஏற்றது. பிரிட்டன் வேறு வழியில் போனது. வசூலிக்கலாம், ஆனால் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்று சட்டம் போட்டு, 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியது. எனக்குப் பிடித்தது பிரிட்டன் வழி. இங்கே டிப்ஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சர்விஸ் சார்ஜ் உண்டு என்று மெனு அட்டையிலோ வாசலிலோ எழுதியிருந்து நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டால், கொடுத்துத்தான் ஆக வேண்டும். முன்கூட்டி எங்கும் சொல்லாமல் பில்லில் மட்டும் நுழைத்திருந்தால் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். பில் கொண்டுவரும் பிள்ளையிடம், "இந்த 10 விழுக்காட்டில் உனக்குப் பங்கு வருகிறதா தம்பி?" என்று மெதுவாகக் கேளுங்கள். இல்லை என்று தலையாட்டினால், கொடுக்க நினைத்ததை மேசையில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.