தணியாத கனல்: அழற்சியும் நீரிழிவும்

காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறது. இதுவே அழற்சி. கிருமிகளை அழித்துக் காயத்தை ஆற்றுவதற்கு இறைவன் எமக்களித்த பாதுகாப்பு அது. வேலை முடிந்ததும் தணிந்துவிடும். ஆனால் வலியோ வீக்கமோ இன்றி, வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் உண்டு. உடற்பருமனையும் இரண்டாம் வகை நீரிழிவையும் இணைக்கும் பாலங்களுள் அதுவும் ஒன்று.

கொழுப்பிழையம் வெறும் களஞ்சியமா?

மேலதிக சக்தியைச் சேமிக்கும் களஞ்சியமாகவே கொழுப்பிழையம் நீண்டகாலம் கருதப்பட்டது. 1993 இல் ஹொட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் ஆய்வு, பருமனான எலிகளின் கொழுப்பிழையம் டீ.என்.எஃப். அல்ஃபா என்னும் அழற்சிப் பதார்த்தத்தை உண்டாக்குவதைக் காட்டியது. அதனைத் தடுத்தபோது எலிகளில் இன்சுலின் முன்னரிலும் நன்றாகத் தொழிற்பட்டது. கொழுப்புக் கலங்கள் அளவுக்கு மிஞ்சிப் பருக்கும்போது சில இறக்கின்றன. அவற்றை அகற்ற வரும் வெண்குருதிக் கலங்கள் அங்கேயே குவிந்து, மேலும் அழற்சிப் பதார்த்தங்களைச் சுரக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

சாவி திரும்பியும் திறக்காத கதவு

இன்சுலினைச் சாவி என்பார்கள். அது தசைக் கலத்தின் மேற்பரப்பில் பொருந்தியதும் உள்ளே ஒரு செய்தி கைமாறிச் செல்கிறது. குளுக்கோசு நுழைய வழி திறக்கிறது. அழற்சிப் பதார்த்தங்கள் இந்தச் செய்தியை இடைவழியில் மறிக்கின்றன. சாவி பூட்டில் திரும்புகிறது. உள்ளே தாழ்ப்பாள் நகர்வதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு.

ஈரலுக்கும் இதே நிலைதான். "குளுக்கோசு போதும், நிறுத்து" என்ற இன்சுலினின் கட்டளை அதற்கு எட்டுவதில்லை. அதனால் இரவு முழுவதும் உண்ணாதிருந்தும் காலையில் குருதிச் சீனி உயர்ந்திருக்கிறது. கொழுப்பிழையமும் கொழுப்பமிலங்களைக் குருதியில் விடுகிறது; அவை ஈரலிலும் தசையிலும் படிந்து நிலைமையை மோசமாக்குகின்றன.

சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. அக்காலத்தில் சோதனை அறிக்கை வழமைபோல் இருக்கலாம். சதையி களைக்கும் நாளில்தான் நோய் வெளிப்படுகிறது.

அழற்சிக்கு மாத்திரை போதாதா?

டீ.என்.எஃப். அல்ஃபாவைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் தந்த பலனை நீரிழிவுள்ள மனிதரில் தரவில்லை. அழற்சி ஒரு காரணி மட்டுமே; பரம்பரை, உணவு, உறக்கம், உழைப்பு எல்லாம் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இதற்காக வலிமாத்திரை விழுங்குவது பயனற்றது, ஆபத்தானதும்கூட.

நாம் செய்யக்கூடியது

வயிற்றினுள் சேரும் கொழுப்பே அதிகம் தீங்கானது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் எட்டினால் அது எச்சரிக்கை. உண்ணாதிருந்து பார்க்கும் குருதிச் சீனி 100 முதல் 125 மில்லிகிராம் வரையெனில் அது நீரிழிவின் வாசல். ஆனால் திரும்பிவர இன்னும் வழியுண்டு. அந்த வாசலில் நின்றோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடையே நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது.

மாணவியருக்குத் தினமும் 60 நிமிட உடலுழைப்பு அவசியம். சீனி குறைந்த தேநீரும் மாலை நடையும் உம்மா, வாப்பாவோடு சேர்ந்து தொடங்கக்கூடியவை. நீரிழிவுள்ளோர் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும்.

பருமனான தோழியைக் கேலி செய்வதால் எவருடைய நோயும் குணமாவதில்லை. அவளோடு சேர்ந்து நடந்தால் இருவருக்கும் நன்மை. உணவில் அளவு பேணுமாறு எமது மார்க்கம் கற்பித்ததன் பயனை இன்று உயிரியலும் எமக்கு விளக்குகிறது.