கொடி நாள்: உண்டியலுக்கு முன் ஒரு பாடவேளை

டிசம்பர் 7 நெருங்கினால் கொடிகளும் உண்டியலும் பள்ளிக்கு வந்துவிடும். மாணவர்கள் காசு போடுவார்கள், கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். மாலையில் பாதிக் கொடிகள் வகுப்பறைத் தரையில் கிடக்கும். எதற்குக் கொடி என்று கேட்டால் "மிலிட்டரிக்கு சார்" என்பதோடு பதில் முடிந்துவிடும். வசூலுக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம்.

பாதுகாப்புத் துறை அமைச்சரின் கீழ் அமைந்த குழு 1949 ஆகஸ்ட் 28 அன்று இந்நாளை முடிவு செய்தது. 'ஏன் 7ஆம் தேதி?' என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அது போரில் வென்ற நாள் அன்று. தேதியைவிட ஆண்டுதான் முக்கியம். காஷ்மீர்ப் போர் 1949 சனவரி 1 அன்றுதான் ஓய்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 25 இலட்சம் இந்தியரில் பெரும்பாலோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தனர். கணவனை இழந்த பெண்களும், கை கால் இழந்தவர்களும், வேலை தேடியவர்களும் ஊர்தோறும் இருந்த காலம் அது.

கொடியில் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் வான்படைக்கு. தொகை, உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கும் செல்கிறது. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் வீரர்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வு பெறுகிறார்கள். நம் வயதில் அவர்கள் இரண்டாவது வேலை தேட வேண்டியிருக்கிறது!

இனி உள்ளூர் வரலாறு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தனர் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. அதில் வீரன் கருந்தேவகத்தியின் பெயர் இருக்கிறது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, என்ன வேறுபாடு என்று மட்டும் கேளுங்கள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

அதன்பின் தம் ஊரிலிருந்து படைக்குப் போனவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். முன்னாள் படைவீரர் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கலாம். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று எவனாவது கேட்பான். கேட்கக் கூடாத கேள்வி எது என்பதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. சாப்பாடு, குளிர், வீட்டிலிருந்து வந்த கடிதம் பற்றிக் கேட்டால் அவர் மனம்விட்டுப் பேசுவார்.

காசு கொண்டுவராத குழந்தைக்கும் கொடி கொடுங்கள். இலக்குத் தொகைக்காகச் சில ஆசிரியர்கள் கைக்காசைப் போடுவது நமக்குத் தெரிந்ததுதான். அந்தக் கணக்குக் குழந்தையின் சட்டையில் தெரிய வேண்டாம்.

படையில் தந்தையை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், பாடத்துக்கு முன் அவர் தாயிடம் பேசுங்கள். அன்று அந்தப் பெயரைச் சொல்லலாமா என்று அந்தப் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.