பழைய டிரெய்லருக்குப் பேரிங் வாங்கப் போகுமுன்

பேராவூரணிப் பக்கம் நெல்லும் தேங்காயும் ஏற்றி ஓடும் பழைய டிராக்டர் டிரெய்லர்களில் பல, உள்ளூர்ப் பட்டறையில் கட்டியவை. ஆக்சில் ஓரிடத்தில் வந்திருக்கும், ஹப் வேறிடத்தில் வந்திருக்கும். இடையில் யாராவது ஒன்றை மாற்றியும் இருப்பார்கள். டிராக்டருக்கு உதிரிபாகப் பட்டியல் உண்டு, இந்த வண்டிக்குக் கிடையாது. ஆகவே கடையில் போய் “அஞ்சு டன் டிரெய்லருக்கு பேரிங் குடுங்க” என்று கேட்டுப் பயனில்லை. பேரிங்கில் பொறித்த எண் ஒரு சாட்சி, ஆக்சிலும் ஹப்பும் காட்டும் அளவு இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

சுமையை இறக்கி, சமதரையில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரானால் கொக்கியை டிராக்டரிலேயே விட்டுவைத்து ஜாக்கி போடுங்கள். ஹப் மூடி, காட்டர் பின், நட், வாஷர் கழன்றதும் வெளிப் பேரிங் கையோடு வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதைவிடப் பெரியது. ஆக ஒரு சக்கரத்துக்கு இரண்டு எண் தேவை. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு: உருளைகளோடு வரும் கோன், ஹப்புக்குள் இறுகி நிற்கும் கப். டீசலில் கழுவித் துடைத்துவிட்டு, கோனின் தடித்த பக்க முகத்தில் எண்ணைத் தேடுங்கள். மங்கியிருந்தால் சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எது உள், எது வெளி என்று அப்போதே எழுதி வைப்பது நல்லது.

30208 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் 40. துளையின் அளவு 40 மி.மீ. மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமான கணக்கு இது. சிக்கலும் இங்கேதான். 30208, 32208, 30308 மூன்றுமே 40 மி.மீ. ஆக்சிலில் ஏறும். முதலாவதன் வெளிவிட்டம் 80, அகலம் 19.75. இரண்டாவதற்கும் வெளிவிட்டம் 80தான், அகலமோ 24.75. ஹப்பில் அது ஒழுங்காகவே உட்காரும், நட் மட்டும் காட்டர் பின் துளைவரை இறங்காது. மூன்றாவதன் வெளிவிட்டம் 90. ஹப்புக்குள் நுழையவே நுழையாது. துளை, வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்தே தீர வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். கோனுக்கு ஓர் எண்ணும் கப்புக்கு வேறோர் எண்ணும் இருந்தால் அது அநேகமாக அங்குல அளவு. பழைய ஜீப் ஹப்பில் வரும் 18590/18520 அந்த வகை, துளை 41.275 மி.மீ. அமெரிக்கப் படகு டிரெய்லர்களில் காணப்படும் எல்68149-இன் துளை 34.988. அதை 35 என்று எடுத்துக்கொண்டு 30207 வாங்கி வந்தால், 59 மி.மீ. ஹப்புக்குள் 72 மி.மீ. கப் எப்படிப் போகும்? இந்த வேலைக்கு டேப் உதவாது, வெர்னியர் வேண்டும்.

பழைய பேரிங்கை எடுத்துப்போனால் கடைக்காரரே பார்த்துத் தரமாட்டாரா என்று கேட்கலாம். தருவார். ஆனால் அவர் தருவது நீங்கள் கொண்டுபோனதற்கு இணை, அவ்வளவுதான். முன்பு வேலை பார்த்தவர் கிடைத்ததைப் போட்டு, ஹப்புக்குள் புஷ் வைத்தோ ஆக்சிலில் தகடு சுற்றியோ சமாளித்திருந்தால் அந்தத் தவறும் கடைவரை கூடவே வரும். அதனால் கோன் உட்காரும் இடத்தில் ஆக்சிலை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அளந்து பாருங்கள். சுமை தாங்கும் அடிப்பக்கம் தேய்ந்து 40க்குப் பதில் 39.6 காட்டினால் குற்றம் ஆக்சிலில். புதுப் பேரிங்கும் அதில் சுற்றித் தேயும். முதலில் லேத் பட்டறைக்குப் போங்கள். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் 40 கிலோ மூட்டை நூறு ஏற்றினாலே நாலு டன். அந்தச் சுமையைத் தாங்கும் ஆக்சில் முனையில் அரைகுறை வெல்டு ஆபத்து, மிகவும் தேய்ந்ததை மாற்றிவிடுவதே மேல்.

கப் பளபளவென்றுதானே இருக்கிறது, கோன் மட்டும் போதாதா என்பது அடுத்த கேள்வி. பழைய உருளைகள் ஓடிய தடத்தில் புது உருளைகள் ஒத்து உட்காராது. ஜோடியாகவே மாற்றுங்கள். என்பிசி, டிம்கன், எஸ்கேஎஃப் எதுவானாலும் முழு எண் ஒன்றென்றால் முக்கிய அளவுகளும் ஒன்றே. ஒரு கம்பெனியின் கோனை இன்னொன்றின் கப்போடு சேர்க்காதீர்கள்.

ஆயில் சீலை விட்டுவிட்டால் மேலே செய்தது வீண். அதன் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசையில் எண் இருக்கும். சுமையோடு ஓடிய ஹப் சூடாக இருக்கும். அப்படியே புதுஆற்றில் இறக்கிக் கழுவினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். மல்லிப்பட்டினம் கடற்கரையில் படகு இழுக்கும் டிரெய்லரானால் அந்தத் தண்ணீர் உப்பு வேறு. சூடு ஆறிய பிறகு கழுவுங்கள்.

மாட்டும்போது கோனின் இடுக்கெல்லாம் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு காட்டர் பின் துளை நேர்படும்வரை சற்றுத் தளர்த்தி, புதுப் பின் போடுங்கள். சில கிலோமீட்டர் வெறும் வண்டியாக ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் நட் இறுக்கம் அதிகம். டயரைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்று ஆடினால் இறுக்கம் போதவில்லை.