கப்பலுக்கும் கரைக்கும் இடையே

அன்புள்ள மருமகனுக்கு,

இராயபுரத்துப் பெற்றோரை ஆற்றுக்கப்பலில் ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கு அனுப்ப நினைக்கும் பிள்ளைகள், அறையின் அகலத்தையும் சாப்பாட்டையும் பார்த்தே பயணத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். எழுபதைக் கடந்தவர்களுக்கோ கப்பலைவிட, அதிலிருந்து இறங்கிக் கால்வைக்கும் இடமே முக்கியம். இது இராயபுரத்துக்குப் புதிதல்ல: துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் தள்ளி நின்ற கப்பல்களிலிருந்து பயணிகளைச் சென்னைக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். அலை அறையும்போது நொறுங்காமல் வளைந்து கொடுப்பதற்காக, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. பெருங்கடலைத் தாண்டி வந்தவர்கள் அஞ்சியது அந்தக் கடைசித் தொலைவுக்குத்தான். இராயபுரம் புனித பேதுரு ஆலயம் அப்படகோட்டிகளின் சமூகம் எழுப்பியது.

ரைன் ஆற்றில் அத்தகைய அலை இல்லை. ஆயினும் நெரிசலான நாள்களில் துறையில் ஒரு கப்பலை ஒட்டி இன்னொன்றாக மூன்று கப்பல்கள்கூடக் கட்டப்படுவதுண்டு. வெளிப்பக்கத்தில் நிற்கும் கப்பலில் இருப்பவர், மற்றவற்றின் கூடத்தைக் கடந்தோ, மேல்தளத்துக்கு ஏறி இறங்கியோதான் கரைசேர முடியும். ஈரம் படிந்த இரும்புப் படியில் முழங்கால் வலிக்காரருக்கு இது விளையாட்டல்ல. ஆகவே லிஃப்ட் எந்தத் தளம்வரை இறங்கும், கப்பல் நிற்கும் இடத்திலிருந்து சந்தை எவ்வளவு தொலைவு என்பவற்றை நீ எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கொலோன் நகரின் பேராலயச் சந்தை ஆற்றங்கரையிலிருந்து நடைதூரம். நியூரம்பெர்க்கிலோ கால்வாய்த்துறையிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது காப்பீடு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எனினும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அது ஏற்குமா என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும்.

ஜெர்மனியில் இச்சந்தைகள் திருவருகைக் காலத்துக்கு உரியவை, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்பு நாள்களுக்கு. பெரும்பாலானவை டிசம்பர் 23 அல்லது 24-ஆம் தேதியோடு மூடப்படும். 24 இரவு வரை சென்னை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். எனவே டிசம்பர் தொடக்கத்தில் புறப்பட்டு, ஏழு இரவுக்கு மேல் நீளாத ரைன் பயணமே ஏற்றது. 20-ஆம் தேதிக்குள் ஊர் திரும்பும்படி விமானச் சீட்டை எடுத்துவிட்டால், நள்ளிரவுத் திருப்பலிக்குப் பெற்றோர் புனித பேதுரு ஆலயத்தில் இருப்பார்கள்.

அன்புடன்,
தாய்மாமன்