வரப்பில் நிற்கட்டும் எருக்கு

பணி ஓய்வு பெற்று வந்த முதல் வருடம், வரப்பை வங்கிப் பேரேடு மாதிரி சுத்தமாக வைத்திருந்தேன். ஓர் எருக்கு, ஒரு தும்பை இருக்காது. அந்த வருடம்தான் அரை ஏக்கர் அரசாணியில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. பஞ்சகவ்யா தெளித்தேன், மீன் அமிலம் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்கு வரும் அம்மா ஒருவர் காலையில் பூவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூவுல ஒரு வண்டு கூட இல்லீங்களே சார், அப்புறம் எப்படிங்க காய் புடிக்கும்?"

அரசாணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். அரசாணி பூப்பதோ சில வாரம். மீதி நாளுக்குத் தேனீக்குச் சோறு போடுவது வரப்புதான். அதைத்தான் நான் சுரண்டி எறிந்திருந்தேன்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. குளிருக்கு மெக்சிகோ மலைக்காடுகள் வரை பறந்துபோகும் மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு, எருக்கின் உறவுச் செடிகளை மட்டுமே தின்னும். மக்காச்சோளம், சோயா வயல்களில் களைக்கொல்லி அடித்து அடித்து அந்தச் செடி போனது, பூச்சியும் குறைந்தது. இப்போது வயலோரங்களில் அதையும் நாட்டுப் புற்களையும் திரும்ப விதைக்கிறார்கள். நம் வெந்தய வரியன் அந்த மொனார்க்கின் பங்காளி. முட்டையிடுவது எருக்கில்.

எருக்கம்பூவுக்குக் கருவண்டும் வரும். கத்தரி, தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது அதுதான்; தேனீயால் அது ஆகாது. ஆவாரம்பூவும் அப்படித்தான். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. மணலில் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, புரட்டாசியில் ஊன்றினேன். தும்பை விதையைச் சும்மா தூவினேன். கொழுக்கட்டைப் புல் வேலியோரம் தானாகவே வந்தது. வரப்பைக் கொத்துவதில்லை, மண்ணுக்குள் கூடு வைக்கும் தேனீக்களும் உண்டு. அறுப்பதானால் ஒரு பக்கம் இந்த மாதம், மறுபக்கம் பூ முடிந்த பிறகு.

அடுத்த அரசாணியில் பிஞ்சு நின்றது. மழையும் நன்றாகப் பெய்த வருடம். முழு வரவையும் வரப்பின் கணக்கில் எழுத என் பழைய தணிக்கைப் புத்தி விடவில்லை. ஆனால் காலையில் பூவுக்குள் வண்டு இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தீனியத்தை மட்டும் பூக்குமுன் பிடுங்கிவிடுங்கள். எருக்கை ஒடிக்கும்போது பால் கண்ணில் படக்கூடாது, பார்வைக்கே ஆபத்து.