இருட்டில் பாய்ந்த அம்பு

பட்டுக்குப் பெயர்போன ஊர் ஆரணி. அந்த ஊரை ஒட்டி, கமண்டல நாக நதிக் கரையில், புதுக்காமூரில் அருள்புரிகிறார் புத்திரகாமேட்டீஸ்வரர். அம்பாள் பெரியநாயகி. பிள்ளை வரம் வேண்டி தசரத சக்கரவர்த்தி யாகம் செய்து வழிபட்ட தலம் என்பது ஊர் மரபு. (வால்மீகி அந்த யாகத்தைச் சரயு நதிக் கரையில் நடந்ததாகச் சொல்கிறார். தல புராணத்துக்கென்று தனி வழி உண்டு!) குழந்தை வேண்டி இங்கு வரும் தம்பதியருக்கு தசரதரின் ஏக்கம் தெரியும். அவர் செய்த பிழையையும் சற்றே சிந்திக்கலாமே.

திருமணத்துக்கு முன், இளவரசராக இருந்த காலம். ஒலியை மட்டும் கேட்டு அம்பு எய்வதில் வல்லவர் என்ற பெருமை அவருக்கு. மழைக்கால இரவில் சரயு நதியோரம் காத்திருந்தார். ‘களக்... களக்...’ என்று சத்தம். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பை விட்டார். எழுந்ததோ மனிதக் குரல்! பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த முனிகுமாரன் அவன்.

உயிர் பிரியும் நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன சொன்னான், தெரியுமா? ‘என் தந்தையிடம் நீரே போய்ச் சொல்லும்’ என்றான். தசரதர் ஓடி ஒளியவில்லை. குடத்தில் நீர் எடுத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னார். ‘புத்திர சோகத்தால் நீயும் மாள்வாய்’ என்று சபித்த அந்த முதியவரே, ‘நீயாக வந்து சொல்லாமல் இருந்திருந்தால் உன் தலை சுக்கு நூறாகியிருக்கும்’ என்றும் சொன்னார். சாபம் விழுந்தது; ஆனால், உயிர் தப்பியது.

ஆரணி நெசவாளர்களுக்கு இது புதிய செய்தியல்ல. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், நாடாவை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, புது இழை முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்த பிறகே அடுத்த ஊடை. இரண்டு முழம் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் குறை கோடாக நீண்டுகொண்டே போகும். பிறகு அதை மறைக்க எந்த ஜரிகையாலும் ஆகாது. முடிச்சு போட்ட இடம் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியத்தான் செய்யும். இருந்தாலும் புடவை முழுசாக வரும்.

தசரதர் முடிச்சு போட்டார், சரி. ஆனால், இழை ஏன் அறுந்தது என்று பார்த்தாரா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். பல ஆண்டுகள் கழித்து, கோபித்துக்கொண்டு தரையில் கிடந்த கைகேயியிடம், அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியாமலே, ‘நீ விரும்பியதைச் செய்வேன்’ என்று ராமன் மீதே ஆணையிட்டார். அன்று கண்ணால் காணும் முன் அம்பு; இன்று காதால் கேட்கும் முன் சொல். இரண்டும் ஒரே அவசரம்தான்! வில்லை விட்டு வெகுகாலம் ஆனாலும், அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ராமன் காட்டுக்குப் போன ஆறாம் நாள் நள்ளிரவில்தான் சரயு நதிக்கரை அவர் நினைவுக்கு வருகிறது. அருகில் இருந்த கௌசல்யையிடம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுகிறார். அந்த இரவு விடியும் முன் அவர் உயிர் பிரிந்தது.